இமையும் நொடியும்

விஜயதசமியன்று மைசூரு அரண்மனை வளாகத்தில், தங்க அம்பாரியில் வீற்றிருக்கும் சாமுண்டேஸ்வரிக்கு மலர் தூவும் வேளையில் தேசிய கீதம் ஒலிக்கிறது. பீரங்கிகள் 21 முறை முழங்குகின்றன. ஜம்பூ சவாரி ஊர்வலத்துக்கு வரும் யானைகளும் குதிரைகளும் மிரண்டுவிடாமலிருக்க, தசராவுக்கு முன்பே ஒத்திகை வெடி வெடித்து அவற்றைப் பழக்கிவிடுகிறார்கள். பீரங்கிக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் யானைக்குத் தீயும் ஓசையும் சேர்ந்தே வருகின்றன. ஒரு கிலோமீட்டர் தொலைவில் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் புகை தெரியும், மூன்று நொடி கழித்து ஓசை வரும். சாமுண்டி மலைக் கோயில் அரண்மனையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். காற்று அந்தப் பக்கம் வீசி, ஓசை அங்கே எட்டுமானால், பதினொரு நொடிக்கு மேல் பிந்தியே எட்டும். வெடித்தது ஒருமுறை, அது ‘இப்போது’ வெடித்தது என்று சொல்லும் கணம் நகரத்தில் தெருவுக்குத் தெரு மாறுகிறது.

பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமாவது இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றனவா என்று பார்த்தால், அதுவும் இல்லை. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. ஒளி அதே தூரத்தைக் கடக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாத அளவு சிறியது. உடலுக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. உட்காதின் மயிரணுக்கள், தம்மை வந்து தொடும் அதிர்வை ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்தில் மின் குறிப்பாக்கிவிடுகின்றன. விழித்திரையில் ஒளி அடுக்கடுக்கான வேதிமாற்றங்களைக் கடந்தாக வேண்டும். அதற்குச் சில பத்து மில்லிநொடிகள் போய்விடும். வெளியே ஒளி முந்துகிறது, உள்ளே ஒலி முந்துகிறது. இரண்டும் ஈடாகும் தூரம் பத்து மீட்டரை ஒட்டியது, அதாவது நடுத்தரமான ஒரு கூடத்தின் நீளம். அதையொட்டிய மற்றத் தூரங்களில் மூளைதான் இரண்டையும் இழுத்துச் சேர்த்து ஒரே நிகழ்ச்சியாகக் காட்டுகிறது.

எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் ஒளிபரப்பாளர்களுக்காக வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலே பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். பிந்தினால் 125 மில்லிநொடி வரை கவனிக்கமாட்டார். ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் மின்னலுக்குப் பின்தான் இடி. ஓசை முந்தி வரும் உலகில் நாம் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. இந்த எல்லையும் நிலையானதன்று. ஜப்பானிய ஆய்வாளர் வகா ஃபுஜிசாக்கியும் உடனாய்வாளர்களும் 2004இல் காட்டியபடி, ஒளிக்கும் ஒலிக்கும் இடையே மாறாத இடைவெளி வைத்துச் சில நிமிடம் காட்டிக்கொண்டிருந்தால், ‘ஒரே நேரம்’ என்று மனம் ஏற்றுக்கொள்ளும் புள்ளி அந்த இடைவெளியை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

நிறத்துக்குக் கண் இருக்கிறது, மணத்துக்கு மூக்கு இருக்கிறது; காலத்துக்கென்று தனி உறுப்பு கிடையாது. மற்ற புலன்கள் கொண்டுவந்து கொடுப்பதிலிருந்து மூளை காலத்தைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டுமானத்தில் கண்ணுக்கும் காதுக்கும் சம பங்கு இல்லை. சிறு காலங்களை அளப்பதில் காதே மூத்தது. கண் பெரும்பாலும் காது சொன்னபடி கேட்கிறது. ஆனால் ஓர் அசைவு கண்ணில் பட்டுவிட்டால் அது காதுக்குச் சமமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த மூன்றையும் ஒரே நகரத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

அரண்மனை விளக்குகளிலிருந்து தொடங்கலாம். 1897இல் பழைய மர அரண்மனை தீயில் அழிந்த பின் ஹென்றி இர்வினின் வடிவமைப்பில் எழுந்து 1912இல் முடிந்த இந்தக் கட்டடம், ஞாயிறு மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் ஏறத்தாழ 97,000 பல்புகளால் ஒளிர்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இருமுறை ஏறி இறங்குவதால், அத்தனை பல்புகளும் நொடிக்கு நூறு முறை மெல்ல மங்கிப் பிரகாசிக்கின்றன. சூடான இழை அந்த மங்கலைக் குறைத்துவிடுவது ஒரு பக்கம். இழையே இல்லாத விளக்காக இருந்தாலும் நொடிக்கு அறுபதைத் தாண்டிய மினுக்கத்தைப் பெரும்பாலான கண்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கமாட்டா. நாம் காண்பது அசையாத பொன்னொளி. அதே மின்சாரம் ஓடும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் அருகே போனால் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்கிறது. அதுவும் நொடிக்கு நூறு அதிர்வுதான். கண்ணுக்கு ஒன்றுமே நடக்காததாகத் தெரியும் வேகம், காதுக்குத் தாழ்ந்த ஒரு சுருதி. அந்த உறுமல் இரண்டு மூன்று மில்லிநொடி அறுந்து தொடர்ந்தாலும், ஆய்வகத்து அமைதியில் இளம் காது அந்த வெட்டைக் கண்டுகொள்ளக்கூடும்: இரைச்சல் ஒன்றின் நடுவே விடப்படும் இடைவெளியைக் கண்டறியும் சோதனைகளில் இயல்பான செவித்திறன் எட்டுவது அந்த அளவைத்தான்.

இதே ஊரில் இரண்டு மணிக்கூண்டுகள் இருக்கின்றன. தேவராஜ மார்க்கெட் பக்கம், 1886இல் வைசிராய் டஃபரினின் வருகையையொட்டி எழுந்த சிக்க கடியார. நகர மண்டபத்துக்கு அருகே, நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக 1927இல் எழுந்த தொட்ட கடியார. முகப்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நிமிட முள் நகர்வது தெரியாது. நகர்ந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். கண் காலத்தை இடமாக மாற்றிப் படிக்கிறது. மணியோசை அப்படியில்லை. அது நிகழும்போதே கேட்டாக வேண்டும்.

தொட்ட கடியார எழுவதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1924இல், பிரஜேந்திரநாத் சீல் துணைவேந்தராக இருந்தபோது மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியது. கல்கத்தாவுக்கு அடுத்து இந்தியாவில் இத்துறை வேரூன்றிய இடம் இது. அதைக் கட்டி வளர்த்தவர் எம். வி. கோபாலசுவாமி. லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் பயின்று வந்தவர். மகாராஜா கல்லூரியில் சோதனைக்கூடம் அமைத்தவர். இந்த உளவியல் பேராசிரியர்தான் 1935 செப்டம்பரில், ஒண்டிகொப்பலில் இருந்த தன் வீட்டிலேயே சிறிய ஒலிபரப்புக் கருவியை வைத்து ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கி அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டார். பின்னாளில் நாடு முழுவதற்கும் வந்து சேர்ந்த பெயர் அது. மனத்தை ஆராய்ந்தவர் ஒலிபரப்பைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. முகமில்லாமல் குரல் மட்டும் வந்தால் கேட்பவர் எதை வைத்து நேரத்தை உணர்கிறார்? வானொலியில் மூன்று நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். மேடையில் அதே மூன்று நொடி, பேச்சாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தால், நேரமாகவே படுவதில்லை.

காதின் நேரமும் கண்ணின் நேரமும் ஒன்றல்ல என்பதைச் சோதனைகள் பலமுறை உறுதிசெய்திருக்கின்றன. ஒரே அளவு நேரம் நீடிக்கும் ஓர் ஒலியையும் ஓர் ஒளியையும் அடுத்தடுத்துக் கொடுத்தால், ஒலியே நீண்டதாகத் தோன்றுகிறது. 1998இல் ஜான் வேர்டனும் சகாக்களும் முன்வைத்த விளக்கத்தின்படி, மனத்துக்குள் துடிப்புகளை எண்ணும் ஒரு கருவி இருப்பதாகக் கொண்டால், ஒலி அதை வேகமாகத் துடிக்க வைக்கிறது. எண்ணிக்கை கூடுகிறது, நேரம் நீள்கிறது. அந்தக் கருவி மூளையில் ஓர் இடத்தில் இருக்கிறதா, பல இடங்களில் பரவியிருக்கிறதா என்ற விவாதம் தீரவில்லை. விளைவில் மட்டும் ஐயமில்லை.

இரண்டு புலன்களும் முரண்படும்போது யார் வெல்கிறார்கள் என்பது இன்னும் சுவையானது. 1964இல் தோர்ன் ஷிப்லி, மினுங்கும் விளக்கோடு படபடக்கும் ஒலியைச் சேர்த்துக் கொடுத்தார். ஒலியின் வேகத்தைக் கூட்டினால் விளக்கும் வேகமாக மினுங்குவதுபோலத் தெரிந்தது. விளக்கில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. விளக்கின் வேகத்தை மாற்றியபோது ஒலி அசைந்து கொடுக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் லாடன் ஷாம்ஸ் குழுவினர் இன்னும் எளிய ஒன்றைச் செய்தார்கள். திரையில் ஒரே ஒரு பளிச். கூடவே இரண்டு ‘பீப்’. பார்த்தவர்கள் இரண்டு பளிச்சுகளைக் கண்டதாகச் சொன்னார்கள். வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே இரண்டு தெரிந்தன. இடத்தைப் பொறுத்தவரை காது கண்ணுக்கு அடங்கும்: பொம்மலாட்டத்தில் பொம்மையே பேசுவதாகத் தோன்றுவது அதனால்தான். காலத்தைப் பொறுத்தவரை கண் காதுக்கு அடங்குகிறது.

மைசூருவிலிருந்து கொஞ்சம் விலகித் தமிழ் இலக்கணத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. எழுத்தின் ஒலிப்பு நேரத்தை மாத்திரை என்னும் அலகால் அளந்த தொல்காப்பியம், அந்த அலகுக்கு இரண்டு சான்றுகளைச் சேர்த்தே தருகிறது: இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், கைவிரலை நொடிக்கும் நேரம். நன்னூலும் அதையே வழிமொழிகிறது. ஒரே அளவுக்கு ஏன் இரண்டு சான்று? ஒன்று கண்ணின் செயல், ஒன்று காதில் விழும் செயல். இலக்கணிகள் உணர்வியல் ஆய்வு செய்தார்கள் என்று நான் வாதிடவில்லை; அப்படிப் பழம்பெருமை பேசுவது இரு துறைகளுக்கும் நல்லதல்ல. ஆனால் இந்த இரட்டைச் சான்றை இன்றைய அளவீடுகளோடு ஒப்பிடுவதில் பிழையில்லை. ஓர் இமைப்பு ஏறத்தாழ 150 மில்லிநொடி அல்லது அதற்குச் சற்று மேல். விரல் நொடிப்பில் நடுவிரல் வழுக்கி வந்து உள்ளங்கையில் மோதும் கட்டம் மட்டும் ஏழு மில்லிநொடிதான் என்று ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2021இல் அளந்தார்கள். இரண்டும் சமமில்லையே என்று தோன்றும். இங்கே உரைமரபில் வழங்கும் ஒரு பாகுபாடு கைகொடுக்கிறது. நொடிக்க வேண்டும் என்று எண்ணுவதிலேயே கால் மாத்திரை கழிகிறது, விரலை ஊன்றும்போது அரை ஆகிறது, முறுக்கும்போது முக்கால், விடுபடும்போது ஒன்று முழுமையாகிறது என்கிறது அது. அதாவது ஓசையை மட்டும் அவர்கள் கணக்கிடவில்லை. எண்ணத்தில் தொடங்கி ஓசையில் முடியும் முழுச் செயலையும் காலமாகக் கொண்டார்கள்.

இமைப்பின் பக்கமும் ஒரு புதிய சேதி உண்டு. 2019இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், கால அளவை மதிப்பிடச் சொல்லிக் காட்சிகளைக் காட்டினார்கள். காட்சி ஓடும்போது பார்ப்பவர் இமைத்துவிட்டால், ஏறத்தாழ அந்த இமைப்பளவு நேரம் அவருடைய கணக்கிலிருந்து குறைந்துபோனது. இமை மூடியதே நமக்குத் தெரியாதபடி மூளை பார்வையைத் தைத்துவிடுகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. தைக்கும்போது துணியும் கொஞ்சம் சுருங்குகிறது என்பது புதிது. ஒலியின் நேரத்தை மதிப்பிடும்போது இமைத்தால் எதுவும் குறையவில்லை. மாத்திரைக்குச் சொல்லப்பட்ட சான்றுகளில் ஒன்று கண்ணின் காலத்தை விழுங்குகிறது, காதின் காலத்தைத் தொடுவதில்லை.

மறுபடி ஒண்டிகொப்பல். கோபாலசுவாமி வானொலி நடத்திய அதே பகுதியில், எட்டாவது கிராஸில், ஆண்டுதோறும் விநாயகர் சதுர்த்தியையொட்டிக் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. வீணை சேஷண்ணா, மைசூர் வாசுதேவாச்சார், சௌடய்யா என்று நீளும் மரபுடைய ஊர் இது. எந்தக் கச்சேரியிலும் கைகளைக் கவனியுங்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில் தட்டு மூன்றுதான்: தொடக்கத்தில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று, ஏழாவதில் ஒன்று. மீதி ஐந்தும் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கையும் இரண்டு வீச்சும். இவற்றுக்கு ஓசை கிடையாது. தாளத்தின் அங்கங்களை ஓசையுள்ளவை, ஓசையற்றவை என்று பழைய இசை நூல்கள் பிரித்தே வைத்தன. காதுதான் காலத்தின் எசமான் என்றால், பாதிக்கு மேற்பட்ட அட்சரங்களை ஏன் ஓசையில்லாத சைகைகளிடம் ஒப்படைக்க வேண்டும்?

விடையின் ஒரு பகுதி 2015இல் ஜான் ஐவர்சன், அனிருத் படேல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. மெட்ரோனோம் ஓசைக்கு விரல் தட்டுவது எல்லோருக்கும் எளிது. மினுங்கும் விளக்குக்குத் தட்டச் சொன்னால் தடுமாறுகிறார்கள். ஆனால் மினுங்குவதற்குப் பதிலாகத் திரையில் ஒரு பந்து விழுந்து எழும்பினால், தட்டு ஏறக்குறைய ஓசைக்கு இணையான துல்லியத்தை எட்டுகிறது. திடீரென்று தோன்றி மறையும் ஒளி எப்போது வரும் என்று கண்ணால் முன்னறிய முடிவதில்லை. விழுந்துகொண்டிருக்கும் பொருள் எப்போது தரையைத் தொடும் என்பதைக் கண் நன்றாகவே அறியும். தாளம் போடும் கை விளக்குப்போல மினுங்குவதில்லை. அது உயர்ந்து, தயங்கி, இறங்குகிறது. மிருதங்க வித்வான் பாடகரின் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கணக்கு முடித்துச் சமத்தில் வந்து விழுவது இந்தக் கண்ணை நம்பித்தான். தனியாவர்த்தனத்தின் போது அவையில் நூறு கைகள் சேர்ந்து இயங்குவதைச் சிலர் இடைஞ்சல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உச்ச வேகத்தில், அட்சரத்துக்குள் எட்டாகவும் பத்தாகவும் சொற்கள் நெருங்கும்போது, கேட்பவரைக் காலத்தில் கட்டிவைப்பது அந்தக் கைதான்.

கை இன்னொன்றும் செய்கிறது. மைக்கேல் ஷட்ஸும் ஸ்காட் லிப்ஸ்கோமும் 2007இல், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா என்னும் கருவியின் கலைஞர் ஒருவரின் வாசிப்பைப் பதிவுசெய்தார்கள். சில தட்டுகளுக்குப் பின் கையை நீளமாக வீசியெடுத்தார். சிலவற்றுக்குப் பின் சுருக்கமாக நிறுத்திக்கொண்டார். ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. படத்தோடு கேட்டவர்களுக்கு, நீண்ட வீச்சுடன் வந்த ஸ்வரம் நீளமாகக் கேட்டது. காட்சியைப் பொருட்படுத்தாதீர்கள் என்று சொல்லியும் மாறவில்லை. காலத்தில் கண் காதை வென்ற அரிய இடம் இது. மீட்டியதும் தேயத் தொடங்கும் ஒலிகளில் முடிவு எங்கே என்று காதுக்கே திட்டமாகத் தெரியாது. அந்த இடைவெளியில் கண் புகுந்து முடிவைத் தள்ளிவைக்கிறது. வீணை அப்படித் தேயும் ஒலியுடைய கருவி. மீட்டிய பின் இடக்கை கமகத்தில் மெட்டுமேல் நகர்ந்துகொண்டே இருக்கும்போது, நேரில் பார்ப்பவர் கேட்கும் நீளமும் ஒலிநாடாவில் கேட்பவரின் நீளமும் ஒன்றாக இருக்குமா? யாராவது இதை மைசூர் பாணி வீணையில் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அளப்பதற்கான இடமும் அதே ஊரில் இருக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தையொட்டி 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனத்துக்குத் தமிழகத்திலிருந்தும் பெற்றோர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே காலம் ஒரு தத்துவப் பொருளன்று, நோய் கண்டறியும் அளவுகோல். பேச்சு முழுக்க மில்லிநொடிக் கணக்கில் நடப்பது. உதடு திறப்பதற்கும் குரல்வளை அதிரத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள சில பத்து மில்லிநொடிதான் கன்னடத்தில் ‘ப’கரங்களைப் பிரிக்கிறது. லிஸ்கரும் ஏபிராம்சனும் 1964இல் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தபோது தமிழும் அதில் இருந்தது. ‘கல்’ என்பதும் ‘கால்’ என்பதும் வேறாவது உயிரின் நீளத்தால், ‘படு’வும் ‘பட்டு’வும் வேறாவது பெருமளவு நாக்கு வாய்வழியை அடைத்திருக்கும் நேரத்தால்.

சிலருக்குக் காதில் ஒலி விழுகிறது. இந்தக் காலக்கணக்கு மட்டும் கலைந்துவிடுகிறது. செவி நரம்பிழைகள் ஒருசேரத் துடிக்கத் தவறும் இந்த நிலையை 1996இல் ஆர்னால்ட் ஸ்டார் குழு தெளிவாக விவரித்தது. செவிநரம்பு ஒத்திசைவின்மை என்று இதைச் சொல்லலாம். மைசூரு நிறுவனத்தின் அஜித் குமாரும் ஜெயராமும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பதிவான உணர்நரம்புச் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ 183 பேருக்கு ஒருவர் இந்த வகையினர். பெண்கள் ஆண்களைப்போல இருமடங்கு; பலருக்கும் தொடங்கியது இளவயதில். சோதித்தால் மெல்லிய ஒலியைக்கூடச் சிலர் கேட்பார்கள். “சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை” என்பதே இவர்களின் முறையீடாக இருக்கும். மற்றவர்கள் இரண்டு மூன்று மில்லிநொடியில் கண்டுகொள்ளும் இடைவெளி இவர்களுக்குப் பல மடங்கு நீளமாக இருந்தால்தான் தெரிகிறது. ஒலியைப் பெருக்கும் செவிக்கருவி பலருக்கு அதிகம் உதவுவதில்லை, ஏனென்றால் குறை அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

வீட்டார் இவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று கடிந்துகொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அதே ஆட்களுக்கு முகத்தைப் பார்த்துப் பேசினால் புரிதல் கூடுகிறது. உதடு மூடுவதும் திறப்பதும் அசைவுகள். அசைவைப் பார்க்கும் கண், விழும் பந்தைக் கணித்ததுபோலவே, எழுத்து எப்போது தொடங்கும் என்பதைக் காதுக்கு முன்னரே சொல்லிவிடுகிறது. பிறவியிலேயே கேளாதோர் மினுங்கும் விளக்குக்குத் தட்டுவதில் கேட்பவர்களைவிடத் தேர்ந்தவர்கள் என்று ஐவர்சன் குழுவின் அதே ஆய்வு காட்டியது. காது விட்ட வேலையைக் கண் கற்றுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தாளம் போடும் கையும் பேசும் உதடும் ஒரே வகையான உதவியைத்தான் செய்கின்றன என்றால், செவிநரம்பு ஒத்திசைவில்லாத ஓர் இளைஞருக்குக் கையால் தாளம் போட்டுக்கொண்டே தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் பயிற்சி சொற்களின் எல்லையைப் பிடிக்க உதவுமா? ஒரு குழுவுக்குக் கையோடும் இன்னொரு குழுவுக்கு ஒலிப்பதிவு மட்டும் வைத்தும் சில மாதம் பயிற்றுவித்து, முன்னும் பின்னும் இடைவெளி அறியும் சோதனையையும் சொல் புரிதல் சோதனையையும் நடத்தினால் விடை கிடைத்துவிடும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தாளம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் ஒண்டிகொப்பலில் இருக்கிறார்கள். சோதிக்கும் அறைகள் மானசகங்கோத்ரியில் இருக்கின்றன. ஆட்டோவில் போகிற தூரம்தான்.